சட்டைப் பையில் ஒரு மியூசியம்

எழுதுவதற்குப் பத்து ரூபாய் பால் பாயிண்ட் போதும். அதற்கு மேல் பேனாவுக்குச் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஆசைக் கணக்கு. இதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மேற்கொண்டு நிம்மதியாகப் பேசலாம்.

ஆசை தப்பில்லை. ஸ்டாம்பு சேர்க்கிறார்கள், தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறார்கள், சிலர் டிகிரி சேர்க்கிறார்கள். இங்க் பேனா சேர்ப்பதில் ஒரு கூடுதல் வசதி, சேர்த்ததை வைத்து லீவ் லெட்டர் எழுதலாம். ஸ்டாம்பை வைத்து அதை ஒட்டத்தான் முடியும்.

தொல்லை எங்கே என்றால், நிறுத்துவதில். எனக்குத் தெரிந்த ஒரு பாங்க் இளைஞர். முதல் பேனா பிறந்த நாளுக்கு வாங்கினார். இரண்டாவது, முதல் பேனா தனியாக இருக்கிறதே என்று பரிதாபப்பட்டு. அப்புறம் ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி, 'இன்று இரவு பன்னிரண்டு மணி வரை மட்டும்' தள்ளுபடி. ஒரு வருஷத்தில் மேஜை டிராயரில் இருபத்தேழு பேனா. எல்லாம் கறுப்பு அல்லது நீலம், எல்லாம் மீடியம் நிப், எல்லாம் ஒரே மாதிரி எழுதும். கிரெடிட் கார்டு பாக்கி மட்டும் மாதத்துக்கு ஒரு விதமாக வந்துகொண்டிருந்தது.

"சார், இதுல எது பெஸ்ட்டு சொல்லுங்க" என்று அத்தனையையும் மேஜையில் பரப்பினார்.

"நீங்க எதுல நிறைய எழுதினீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுதறதுக்குத் தனியா ஒரு பால் பாயிண்ட் வெச்சிருக்கேன் சார்."

அவருக்குச் சொன்ன வைத்தியம்தான் இந்த வாரம். பேனாவாகச் சேர்க்காதீர்கள், செட்டாகச் சேருங்கள். ஸ்டாம்பு ஆல்பத்தில் 'ரயில்கள்', 'பூக்கள்' என்று பக்கம் போடுவோமே, அதே சமாச்சாரம். ஒரு தலைப்பு, அதற்கு ஐந்து பேனா, ஒரு பட்ஜெட். ஐந்தும் சேர்ந்ததும் கடையை மூடிவிட வேண்டும்.

இதற்கு மூன்று சட்டங்கள்.

ஒன்று: தலைப்பை ஒரே வரியில் அடுத்தவருக்குச் சொல்ல முடிய வேண்டும். 'பார்த்தேன், நல்லா இருந்தது' என்பது தலைப்பாகாது. கல்யாணத்துக்குக் கூட அது போதாது.

இரண்டு: மொத்தத் தொகையை முதலில் எழுதுங்கள். அதை ஐந்தால் வகுக்காதீர்கள். பாதியை ஒரே பேனாவுக்குக் கொடுங்கள். மீதிப் பாதியில் மற்ற நான்கு. நாலாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டாயிரத்துக்கு ஒரு ராஜா, ஐந்நூறு ஐந்நூறு ரூபாயில் நான்கு மந்திரிகள். ஐந்நூறுக்குள் ஒழுங்காக எழுதுகிற இங்க் பேனா இன்றைக்கும் உண்டு. சமமாகப் பிரித்தால் ஐந்து மந்திரிகள் கிடைப்பார்கள், ராஜ்யம் நடக்காது.

மூன்று: மாதம் ஒன்றுதான். சம்பளத்தில் வாங்க வேண்டும், கார்டில் அல்ல. நடுவில் காத்திருக்கிற இருபத்தொன்பது நாளில் அந்தப் பேனாவைப் பற்றிப் படிப்பீர்கள், விசாரிப்பீர்கள், பாதி நேரம் அது வேண்டாம் என்றே முடிவு செய்வீர்கள். அப்படி மிச்சமானதும் லாபம்தானே?

இனி தலைப்புகள். பட்ஜெட்டுக்கு அடங்குகிறவையாகப் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

சுதேசி செட்

இந்தியாவில் செய்த பேனாக்கள் மட்டும். இந்த செட்டின் ராஜா, கையால் கடைந்த எபொனைட் பேனா. எபொனைட் என்றால் ரப்பரும் கந்தகமும் சேர்த்து நன்றாக வேகவைத்துக் கெட்டியாக்கியது. கட்டையைக் கடைசல் மெஷினில் மாட்டி, மூடி, கழுத்து, உடம்பு, மரை எல்லாவற்றையும் ஒரு மனிதர் உட்கார்ந்து கடைந்து எடுக்கிறார். கையில் பிடித்தால் பிளாஸ்டிக்கின் சில்லிப்பு இருக்காது. இளஞ்சூடாக, வளர்ப்புப் பிராணி மாதிரி இருக்கும். புதிதில் லேசாக ரப்பர் வாசனை வரும். வீட்டில் புகார் வந்தால் நான் பொறுப்பல்ல.

ஆந்திராவில் ராஜமுந்திரிதான் இதற்கு க்ஷேத்திரம். கே.வி. ரத்னம் என்பவர் 1932-ல் அங்கே பேனா செய்ய ஆரம்பித்தார். செய்ததை காந்திக்கு அனுப்பினார். 1935-ல் காந்தியிடமிருந்து கடிதம் வந்தது: உபயோகித்துப் பார்த்தேன், கடைகளில் விற்கிற அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாகத் தெரிகிறது என்று. இதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கம்பெனிக்கும் கிடைத்திருக்காது. காந்தி அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே திருவள்ளூரில் 'ரங்கா' பேனா இருக்கிறது. இங்கே கடைகிற எபொனைட் பேனாக்கள் அமெரிக்கா, ஐரோப்பா என்று போகின்றன. திருவள்ளூர் வழியாகத் தினம் மின்சார ரயிலில் ஆபீஸ் போகிற பல பேருக்கு இந்த விஷயம் தெரியாது. சென்னை பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் 'ஜெம் அண்ட் கோ' 1920-களில் தொடங்கிய பேனாக் கடை. அவர்களுடைய சொந்த பிராண்டு 'காமா'. ஹைதராபாத்தில் 'டெக்கான்', கான்பூரில் 'கான்ரைட்'. எண்ணிப் பாருங்கள், ஐந்து ஊர் ஆகிவிட்டது. ஊருக்கு ஒன்று என்று வைத்தால் செட் தானாகவே முடிகிறது.

பேனா சுதேசியானால் இங்க்கும் சுதேசியாக இருக்க வேண்டாமா? வங்காளத்தின் 'சுலேகா', 1934-ல் சுதேசி இயக்கத்தில் பிறந்த இங்க். நடுவில் பல வருஷம் மூடிக் கிடந்து மறுபடி வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து நண்பன் 'கேமல்', 1931-ல் பம்பாயில் தொடங்கிய கம்பெனி. ஆனால் 2011-ல் ஜப்பானின் கோகுயோ இதில் பெரும் பங்கை வாங்கிவிட்டது. ஆகவே கண்டிப்பான சுதேசிக்காரர்கள் இந்த பாட்டிலை முக்கால் சுதேசி என்று வகைப்படுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு காந்தி பேனா கதையும் உண்டு. 2009-ல் மான்ட்பிளாங்க் கம்பெனி தங்க நிப்பில் காந்தி உருவம் பொறித்து, தண்டி யாத்திரையின் 241 மைலுக்குக் கணக்காக 241 பேனா செய்தது. விலை, ஒரு பேனா பதினோரு லட்சத்துக்கு மேல். கேரள ஹைகோர்ட்டில் கேஸ் போட்டார்கள். 2010-ல் இந்தியாவில் விற்பதை நிறுத்திக்கொண்டார்கள். உப்புக்கு வரி போட்டதற்கே நடையாக நடந்த மனிதர், இந்தப் பேனாவின் ஜி.எஸ்.டி.யைக் கேட்டிருந்தால் எத்தனை மைல் நடந்திருப்பார்?

தாகம் தீர்க்கும் செட்

பேனா எப்படி இங்க் குடிக்கிறது என்பது தலைப்பு. ஐந்து பேனா, ஐந்து வழி. சயன்ஸ் படித்தவர்களுக்குப் பிடிக்கும், விலையும் குறைவு.

முதலாவது, ஃபில்லர் போட்டு ஊற்றுகிற ரகம். கழுத்தைத் திருகிக் கழற்றி, உடம்புக்குள் நேராக ஊற்றுவது. நம் அப்பாக்கள் பரீட்சைக்குப் போன பேனா. இரண்டு, மூன்று மில்லி பிடிக்கும், வாரக் கணக்கில் எழுதலாம். ஆனால் இங்க் கால் பாகத்துக்குக் கீழே போனால் திடீரென்று சொட்டு விழும். பலர் பேனாவைத் திட்டுகிறார்கள். பேனா என்ன செய்யும்? உள்ளே இங்க் குறைந்த இடத்தில் காற்று இருக்கிறது. கைச்சூட்டில் காற்று விரிகிறது. விரிந்த காற்று இங்க்கை வெளியே தள்ளுகிறது. கால் பாகம் வருமுன் நிரப்பிவிட்டால் சட்டை பிழைக்கும்.

இரண்டாவது, அமுக்கி ரகம். ஹீரோ 616 ஞாபகம் இருக்கிறதா? பின்பக்கம் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் பை, அதன் மேல் உலோகக் கவசம். நிப்பை இங்க்கில் முக்கி நாலைந்து தடவை அமுக்கி விட்டால் உறிஞ்சிக்கொள்ளும்.

மூன்றாவது, கார்ட்ரிட்ஜ். துப்பாக்கியில் தோட்டா மாதிரி நிரப்பிய குழாயைச் செருகுவது. ஜப்பானின் பிளாட்டினம் ப்ரெப்பி சில நூறு ரூபாய்தான். மூடி வைத்தால் ஒரு வருஷம் ஆனாலும் இங்க் காயாது என்று கம்பெனி சொல்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை மாமனாருக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு உகந்தது.

நான்காவது, கன்வெர்ட்டர். கார்ட்ரிட்ஜ் இடத்தில் மாட்டுகிற குட்டி ஊசிக் குழாய். திருகினால் இழுக்கும். ஐந்தாவது, பிஸ்டன், பேனாவின் பின்புறத்தையே திருகினால் உடம்பு முழுக்கக் குடிக்கும். ஜெர்மன் பிஸ்டன் பேனா பட்ஜெட்டைக் குடித்துவிடும். சீனாவின் விங் சங் 3008 அதே வேலையை மலிவாகச் செய்கிறது, அதுவும் கண்ணாடி மாதிரி உடம்போடு. இந்தக் கண்ணாடிப் பேனாக்களுக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று கடைக்காரர்களுக்குக் காட்ட, அந்தக் கால விற்பனைப் பிரதிநிதிகள் பையில் எடுத்துப் போனவை இவை. இப்போது உள்ளே இங்க் ஆடுவதைப் பார்ப்பதற்கென்றே மீட்டிங்கில் ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரித்திர செட், ஏழைகள் பதிப்பு

புகழ்பெற்ற பேனாக்களின் அசல் கட்டுப்படியாகாது. ஆனால் அதன் சாயலில் பிறந்த வாரிசுகள் மலிவு. உதாரணம், பார்க்கர் 51. கம்பெனி 1888-ல் தொடங்கி 51-வது வருஷத்தில் வடிவமைத்ததால் அந்தப் பெயர். கடைக்கு வந்தது 1941-ல். சீக்கிரம் காய்கிற இங்க் போட்டதால், நிப்பும் கூடவே காய்ந்துவிடாமல் இருக்க அதற்கு முக்காடு போட்டார்கள். நம்ம ஹீரோ போட்டிருப்பது அந்த முக்காடுதான். ஹீரோ ரொம்ப ஓடியதும் அதற்கும் போலிகள் வந்தன. காப்பிக்குக் காப்பி! வாங்கும்போது மூடியில் உள்ள எழுத்து வெட்டாகத் தெளிவாக இருக்கிறதா, நிப் கோணாமல் இருக்கிறதா பாருங்கள்.

இந்த செட்டுக்கு ஒரு உபகதை. 1945 செப்டம்பர் 2-ம் தேதி ஜப்பான் சரணடைந்தபோது, ஜெனரல் மெக்ஆர்தர் கப்பல் தளத்தில் உட்கார்ந்து பல பேனாக்களால் கையெழுத்துப் போட்டார். அதில் ஒன்று சிவப்பு நிற பார்க்கர் டூயோஃபோல்டு, அவர் மனைவியுடையது. உலக யுத்தமே சம்சாரத்தின் பேனாவில் முடிந்திருக்கிறது. வீட்டுச் சண்டைகளும் அப்படியேதான் முடிகின்றன, கையெழுத்து நம்முடையதாக இருக்கும்.

ஒரு உடம்பு, பல நிப்

ஐந்து பேனாவே வேண்டாம் என்கிற சிக்கனக்காரர்களுக்கு இது. பேனா ஒன்று, எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம், பிராட், ஸ்டப் என்று நிப் மட்டும் ஐந்து. 1980-ல் வந்த லாமி சஃபாரியில் நிப்பை இழுத்தால் கழன்று வரும், இன்னொன்றைச் செருகலாம். நிப்பைத் தனியாக விற்கிற உள்நாட்டுக் கம்பெனிகளும் உண்டு.

நிப் அளவில் ஒரு சூட்சுமம். ஜப்பான்காரர்களின் ஃபைன், ஜெர்மன்காரர்களின் ஃபைனைவிட ஒரு படி மெலிசு. அவர்கள் எழுத்தில் கோடுகள் நெருக்கம். நம் எழுத்தில் சுழிகள் நெருக்கம். பொடி எழுத்துக்காரர்கள் தடித்த நிப்பில் 'னை'யும் 'ணை'யும் எழுதிப் பாருங்கள், சுழியெல்லாம் அடைபட்டு இரண்டும் ஒரே ஜாடையில் நிற்கும். தமிழுக்கு ஃபைன் நிப், கையெழுத்துப் போட பிராட். 'நீங்கள் மேனேஜர் ஆகிவிட்டீர்கள்' என்று கடிதம் வரும் வரை பிராடைத் தள்ளிப் போடலாம்.

ஆபீஸ் செட்

எல்லாவற்றிலும் மலிவு. ஒரே மாதிரி ஐந்து சாதாப் பேனா. இங்க் மட்டும் வேறு. ரிஜிஸ்தருக்கு நீலம், ஃபாரத்துக்குக் கறுப்பு, சொந்தக் கடிதத்துக்கு ப்ளூ பிளாக், ஆடிட்டருக்குச் சிவப்பு. ஐந்தாவது, பச்சை. கெஜட்டட் ஆபீசர் ஆகும்வரை டிராயரின் அடியில் வைத்திருக்கவும், ஒரு லட்சியத்துக்காக. செக்கில் மட்டும் 'வாஷபிள்' என்று போட்ட நீலம் வேண்டாம். பெயரே சொல்கிறது, தண்ணீர் பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். 'பெர்மனன்ட்' என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில் நிற்கும்போது

தொட்டு எழுதிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். பெயர் எழுதிப் பார்க்கிறார்கள்; பெயர் எல்லாப் பேனாவிலும் நன்றாகத்தான் வரும். எட்டு போட்டுப் பாருங்கள், நிற்காமல் பத்து எட்டு. டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான். எல்லாப் பக்கமும் திரும்பும்போது கீறுகிறதா, கோடு அறுகிறதா என்று தெரிந்துவிடும். பால் பாயிண்ட் பழக்கத்தில் அழுத்துவோம். "தம்பி, அழுத்தாதீங்க, அது தானா எழுதும்" என்று சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

நிப்பில் 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் பேனா ஜெர்மனியில் பிறந்தது என்று அர்த்தமில்லை. மலிவுப் பேனாக்கள் பலவற்றில் அந்த முத்திரை உண்டு. தங்க நிப்பும் வேண்டாம். தாளில் தொடுவது முனையில் ஒட்டிய கெட்டி உலோகத் துளிதான். அது தங்கத்திலும் இருக்கிறது, ஸ்டீலிலும் இருக்கிறது.

டிராயிங்குக்கு விற்கிற இண்டியன் இங்க்கைப் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு இருக்கும், நாக்கில் ஒட்டிக்கொள்ளும், பேனாவுக்குப் பேச்சு நின்றுவிடும். இங்க் மாற்றும்போது பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும், வெந்நீர் வேண்டாம்.

தாளையும் கவனியுங்கள். நல்ல பேனாவை மட்டமான தாளில் ஓட்டினால் எழுத்துக்கு மீசை முளைக்கும். கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து பேப்பர் செய்கிறார்கள். சக்கைத் தாள் நோட்டுகள் பலவற்றில் இங்க் அழகாக நிற்கிறது. நாம் ஜூஸ் குடித்துவிட்டுப் போட்ட கரும்பின் உறவுக்காரன் மேல் கடிதம் எழுதுகிறோம் என்பது ஒரு தனி சந்தோஷம்.

காலி இடம்

பாங்க் இளைஞர் சுதேசி செட்டைத் தேர்ந்தெடுத்தார். பழைய இருபத்தேழில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை நண்பர்கள், மருமான்கள் என்று கொடுத்துவிட்டார். நாலு மாதத்தில் நான்கு பேனா. ஐந்தாவது எது என்று கேட்டு வந்தார். கடையில் வாங்க வேண்டாம், ஊருக்குப் போகும்போது பீரோவைத் திறந்து பாருங்கள் என்றேன்.

அநேகமாக எல்லா வீட்டு பீரோவிலும் ஒரு பேனா இருக்கிறது. எல்.ஐ.சி. பாண்டுக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவில், மூடி விரிசல் விட்டு, உள்ளே இங்க் கல்லாகக் காய்ந்து. இவர் வீட்டிலும் இருந்தது. அவர் அப்பா ரிடையர்ட் தலைமை எழுத்தர். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டார்கள். காலையில் டம்ளர் தண்ணீர் நீலமாகியிருந்தது. அப்பா, நிப்பையும் நாக்கையும் விரலால் பிடித்து உருவி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி சரியான ஆழத்துக்குச் செருகினார். முப்பது வருஷம் தினமும் செய்த வேலை, கை மறக்கவில்லை.

"இதுலதாண்டா உன் ஸ்கூல் அப்ளிகேஷன் எழுதினேன்" என்றாராம். அதுவரை அப்பாவும் பிள்ளையும் போனில் பேசிக்கொண்டதெல்லாம் 'பணம் வந்துதா', 'வந்துது'. அன்றைக்கு மத்தியானம் வரை பேசியிருக்கிறார்கள்.

ஆகவே எந்தத் தலைப்பில் செட் சேர்த்தாலும் ஒரு இடத்தைக் காலியாக விடுங்கள். பீரோவில் தேடுங்கள். அப்பா இல்லையென்றால் சித்தப்பா, தாத்தா, டீச்சராக இருந்த அத்தை. சும்மா கொடுக்கமாட்டார்கள், ஒரு கதையோடுதான் கொடுப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். கடைசல் பட்டறையில் உட்கார்ந்து கடைகிற கைகளும் குறைந்து வருகின்றன, அந்தக் கதை சொல்கிறவர்களும் குறைந்து வருகிறார்கள்.

கடைசியாக ஒன்று. செட்டில் ஆறாவதாக ஒரு பால் பாயிண்ட்டும் அவசியம். அது எழுதுவதற்கு இல்லை. பாங்கில், போஸ்ட் ஆபீசில் பின்னால் நிற்கிறவர் "சார், ஒரு நிமிஷம் பேனா" என்று கை நீட்டுவார். அப்போது கொடுப்பதற்கு. மூடியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.